அப்பல்லோ 1: தூய ஆக்ஸிஜன் செய்த குற்றம் என்ன?

அமெரிக்க விண்வெளிப் பயணத்தின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பல்லோ 1 வராமல் இருக்காது. 1967 ஜனவரி 27 அன்று மூன்று விண்வெளி வீரர்கள் ஏவுதளத்திலேயே, பூமியை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாமல், விண்கலத்துக்குள் தீயில் சிக்கி இறந்த சம்பவம் அது. காணொளிகளிலும் வாட்ஸ்அப் பகிர்வுகளிலும் அதற்கு இரண்டு விளக்கங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, "ராக்கெட் வெடித்துவிட்டது." இன்னொன்று, "புத்தியில்லாமல் நூறு சதவீத ஆக்ஸிஜனை நிரப்பினார்கள், அது பற்றிக்கொண்டது."

முதல் விளக்கம் முழுத் தப்பு. அன்றைக்கு அந்த ராக்கெட்டில் எரிபொருளே நிரப்பப்படவில்லை. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் ஒரு கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாது. விபத்துக்குப் பிறகும் நிலவுக்குப் போன வீரர்கள் வழியெல்லாம் சுவாசித்தது ஏறக்குறைய தூய ஆக்ஸிஜனைத்தான். 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் அப்படித்தான் போய்த் திரும்பினார்கள். தூய ஆக்ஸிஜன்தான் குற்றவாளி என்றால், மூன்று பேர் இறந்த பிறகும் அதை ஏன் கைவிடவில்லை?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் 'பகுதி அழுத்தம்' என்ற ஒரே ஒரு கருத்து புரிந்தால் போதும். பள்ளிக்கூடக் கணக்குத்தான்.

## ஆக்ஸிஜன் எரியும் பொருளா?

இல்லை. ஒரு கண்ணாடிக் குடுவை நிறையத் தூய ஆக்ஸிஜனை அடைத்து உள்ளே ஒரு மின்பொறியை உண்டாக்கினால் ஒன்றும் நடக்காது. எரிவதற்கு வேறொரு பொருள் வேண்டும். துணி, பிளாஸ்டிக், நுரைமெத்தை, மின்கம்பியின் மேலுறை என்று எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பொருள் ஆக்ஸிஜனோடு வேகமாகச் சேர்ந்து வெப்பத்தை வெளிவிடுவதைத்தான் எரிதல் என்கிறோம்.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். நைட்ரஜன் 78 சதவீதம். இந்த நைட்ரஜன் எரிதலில் பங்கெடுப்பதில்லை, ஆனால் சும்மாவும் இருப்பதில்லை. தீயில் பிறக்கும் வெப்பத்தில் பெரும்பகுதியைத் தான் வாங்கிக்கொண்டு சூடாகிறது. அதனால் பக்கத்தில் இருக்கும் துணிக்கோ தாளுக்கோ போய்ச் சேரும் வெப்பம் குறைகிறது, தீ மெதுவாகப் பரவுகிறது. நைட்ரஜனை எடுத்துவிட்டால் அந்தத் தடை போய்விடும். சாதாரணக் காற்றில் பற்றவைத்தாலும் தானாக அணைந்துபோகும் சில பொருள்கள், தூய ஆக்ஸிஜனில் நன்றாகவே எரியும்.

அப்படியானால் நூறு சதவீத ஆக்ஸிஜன் ஆபத்துதானே என்று கேட்கலாம். ஆபத்துதான். எவ்வளவு ஆபத்து என்பதை மட்டும் சதவீதம் சொல்லாது.

## பவுண்டுக் கணக்கு

பஞ்சர் கடையில் "முன் சக்கரத்துக்கு இருபத்தெட்டு பவுண்டு காத்து" என்று சொல்கிறோமே, அந்தப் பவுண்டுதான் இங்கேயும். ஒரு சதுர அங்குலப் பரப்பின் மேல் வாயு எத்தனை பவுண்டு எடையளவுக்கு அழுத்துகிறது என்பது அதன் பொருள். (கடைக்காரரின் மீட்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துவிட்டுக் காட்டும். இந்தக் கட்டுரையில் எங்கேயும் கழிக்கவில்லை.) கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 14.7 பவுண்டு.

இந்த 14.7-இல் ஆக்ஸிஜன் மட்டும் தரும் பங்கு எவ்வளவு? 21 சதவீதம், அதாவது சுமார் 3.1 பவுண்டு. ஒரு வாயுக் கலவையில் ஒரு குறிப்பிட்ட வாயு மட்டும் தரும் அழுத்தத்துக்குத்தான் பகுதி அழுத்தம் என்று பெயர்.

இதைச் சீட்டுப் பணம் மாதிரி யோசித்துப் பாருங்கள். மாதம் 14,700 ரூபாய் சம்பாதிக்கும் ஒருவர் அதில் 21 சதவீதத்தைச் சீட்டுக்குக் கட்டுகிறார். அது சுமார் 3,100 ரூபாய். இன்னொருவருக்கு வருமானம் 5,000 ரூபாய்தான், ஆனால் முழுவதையும் சீட்டில் போடுகிறார். மூன்றாமவருக்கு 16,700 ரூபாய் வருகிறது, அவரும் முழுவதையும் போடுகிறார். பின்னவர் இருவரும் நூறு சதவீதம்தான் கட்டுகிறார்கள். ஆனால் சீட்டு நடத்துபவர் சதவீதத்தையா பார்ப்பார்? கையில் வந்த தொகையைத்தானே எண்ணுவார்.

நம் நுரையீரலும் அப்படித்தான் எண்ணுகிறது. அதற்குத் தேவை ஏறக்குறைய 3 பவுண்டு ஆக்ஸிஜன். அது 14.7 பவுண்டுக் காற்றிலிருந்து வந்தாலும் சரி, மொத்தமே 5 பவுண்டு அழுத்தமுள்ள தூய ஆக்ஸிஜனிலிருந்து வந்தாலும் சரி, மனிதன் பிழைத்துக்கொள்வான். தீயும் பெருமளவுக்கு இந்தத் தொகையைத்தான் பார்க்கிறது, கூடவே வெப்பத்தை வாங்கிக்கொள்ள நைட்ரஜன் இருக்கிறதா என்பதையும்.

இதுவரை பார்த்ததன் சாரம்: ஆக்ஸிஜன் தானாக எரியாது, மற்றவற்றை எரியவைக்கும். சாதாரணக் காற்றில் அதன் பகுதி அழுத்தம் 3.1 பவுண்டு. 'நூறு சதவீதம்' என்பது 5 பவுண்டாகவும் இருக்கலாம், 16.7 பவுண்டாகவும் இருக்கலாம். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## மெர்குரி காலத்தில் எடுத்த முடிவு

அமெரிக்காவின் முதல் மனித விண்வெளித் திட்டம் மெர்குரி. 1961 மே 5 அன்று ஆலன் ஷெப்பர்ட் 15 நிமிடம் மேலே போய் இறங்கினார். 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றினார். கிளென் போன கலத்தின் எடை சுமார் 1,350 கிலோ. சோவியத்தின் வோஸ்டாக் கலம் 4,700 கிலோவைத் தாண்டும். அன்றைய அமெரிக்க ராக்கெட்டுகளால் தூக்க முடிந்தது அவ்வளவுதான், அதனால் கலத்தைச் செய்தவர்கள் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்த்தார்கள்.

விண்வெளியில் வெளியே வெற்றிடம். கலத்துக்குள் இருக்கும் அழுத்தம் முழுவதும் சுவரை வெளிநோக்கித் தள்ளும். உள்ளே 14.7 பவுண்டு இருந்தால் அதைத் தாங்கத் தடித்த சுவர் வேண்டும். 5 பவுண்டுக்கு மெல்லிய சுவர் போதும், கசிவும் குறைவு. காற்று மாதிரி இரண்டு வாயுக்களைக் கலந்து கொடுக்க வேண்டுமானால் இரண்டு வகைத் தொட்டிகளும், கலவையை விடாமல் கண்காணிக்கும் கருவிகளும் வேண்டும். ஒரே வாயு என்றால் ஓர் அழுத்தமானி போதும். ஆகவே 5 பவுண்டு தூய ஆக்ஸிஜன் என்று முடிவாயிற்று. பின்னால் வந்த ஜெமினியும் அப்பல்லோவும் அதையே தொடர்ந்தன.

எடை மட்டும் காரணம் என்று நினைக்க வேண்டாம். நைட்ரஜன் மேல் அவர்களுக்கு உண்மையான பயம் இருந்தது. 1960 ஏப்ரலில் மெர்குரிக் கலத்தின் சுவாச அமைப்பைச் சோதித்த ஒரு விமானியின் உடைக்குள் நைட்ரஜன் மிகுந்த காற்று கசிந்து புகுந்துவிட்டது. அவர் மயங்கி விழுந்து கடுமையாகப் பாதிக்கப்பட்டார். நைட்ரஜன் விஷமல்ல. ஆனால் அது ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் நமக்குத் தெரியவே தெரியாது. மூச்சுத் திணறல் என்ற உணர்வு கரியமில வாயு சேர்வதால் வருவது. வெறும் ஆக்ஸிஜன் குறைந்தால் அந்த எச்சரிக்கை மணி அடிக்காது, ஆள் அப்படியே சரிந்துவிடுவார். தொலைதூரக் கலத்தில் ஒரு கருவி பழுதாகி இப்படி நடந்தால் காப்பாற்ற யாரும் இல்லை. ஒற்றை வாயுவைத் தேர்ந்தெடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை என்று சொல்வதற்கு இந்தச் சம்பவம் ஒன்றே போதும்.

சோவியத் பொறியாளர்களுக்கு எடைப் பிரச்சினை இல்லை. வோஸ்டாக்கில் சாதாரணக் காற்று, சாதாரண அழுத்தம். ஆனால் ஆக்ஸிஜன் தீ அவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1961 மார்ச் 23 அன்று, ககாரின் பறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, வாலன்டின் பொன்டரென்கோ என்ற 24 வயது பயிற்சி வீரர் ஆக்ஸிஜன் மிகுந்த ஒரு சோதனை அறைக்குள் இருந்தார். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் உடலைத் துடைத்து வீசினார். அது மின் அடுப்பின் மேல் விழுந்தது. தீக்காயங்களால் அவர் இறந்தார். 1980-கள் வரை சோவியத் அரசு அதை வெளியே சொல்லவில்லை.

## விண்நடைக்கு உதவிய அதே வாயு

தூய ஆக்ஸிஜனால் இன்னொரு வசதி கிடைத்தது. விண்நடை என்று நாம் சொல்லும் வெளியுலாவுக்கு அது ஏறக்குறைய அவசியமாகவே இருந்தது.

விண்வெளி உடைக்குள் அழுத்தம் அதிகமானால் அது விறைத்துப்போகும், கையைக் காலை மடக்க முடியாது. அதனால் ஜெமினி உடைக்குள் சுமார் 3.7 பவுண்டுதான் வைத்தார்கள். சாதாரணக் காற்றில் இருந்த ஒருவர் திடீரென்று அந்தக் குறைந்த அழுத்தத்துக்குப் போனால் ஆபத்து. அவருடைய ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாக வெளியே கிளம்பும். மூட்டுகளில் தாங்க முடியாத வலி, சில சமயம் மரணமும் வரலாம். ஆழ்கடலில் மூழ்கி வேகமாக மேலே வருபவர்களுக்கும் இதுதான் நடக்கும். இதற்கு அழுத்தக்குறைவு நோய் என்று பெயர்.

முன்கூட்டியே தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்துக்கொண்டே இருந்தால் உடலில் உள்ள நைட்ரஜன் வெளியேறிவிடும். குமிழி உண்டாக ஒன்றும் மிஞ்சாது. 1965 ஜூன் 3 அன்று ஜெமினி 4 கலத்திலிருந்து எட் வைட் வெளியே வந்து இருபது நிமிடத்துக்கு மேல் மிதந்தார். அந்தக் கலத்தில் காற்றடைப்பு அறை, அதாவது கலத்துக்கும் வெற்றிடத்துக்கும் நடுவே இருக்கும் தனி அறை, கிடையாது. கதவைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஜிம் மக்டிவிட்டும் வெற்றிடத்தில்தான். இருவரும் தரையில் இருந்தபோதே தூய ஆக்ஸிஜனைச் சுவாசிக்கத் தொடங்கியிருந்ததால் நேராகக் கதவைத் திறக்க முடிந்தது. அமெரிக்காவின் முதல் விண்நடை வெற்றிக்கும், இரண்டு வருடம் கழித்து அதே எட் வைட்டின் உயிரைப் பறித்த தீக்கும் ஒரே தொழில்நுட்ப முடிவுதான் பின்னணி.

மறுபடி சுருக்கமாக: எடை, எளிமை, நைட்ரஜன் மயக்கம், அழுத்தக்குறைவு நோய் ஆகிய நான்கும் 5 பவுண்டு தூய ஆக்ஸிஜனை நோக்கித் தள்ளின. விண்வெளியில் இருக்கும் வரை அது நியாயமான முடிவு. பிரச்சினை தரையில் தொடங்குகிறது.

## தரையில் ஏன் 16.7?

ஏவுதளத்தில் நிற்கும் கலத்துக்கு வெளியே 14.7 பவுண்டு காற்று இருக்கிறது. உள்ளே 5 பவுண்டு மட்டும் வைத்தால் வெளிக்காற்று கிட்டத்தட்ட 10 பவுண்டு அழுத்தத்தோடு சுவரை உள்நோக்கி நசுக்கும். சுவரோ உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. ஆகவே தரையில் உள்ளழுத்தம் வெளியழுத்தத்துக்குக் குறையக் கூடாது.

அந்த அழுத்தத்தைச் சாதாரணக் காற்றால் நிரப்பியிருக்கலாமே? நிரப்பினால் நைட்ரஜன் உள்ளே வந்துவிடும். மேலே போன பிறகு அதை வெளியேற்றி ஆக்ஸிஜனுக்கு மாற வேண்டும், மாறும்போது எங்கேயாவது தவறினால் மயக்கம். அதனால் தூய ஆக்ஸிஜனையே நிரப்பினார்கள். அதுவும் வெளியழுத்தத்தைவிட 2 பவுண்டு கூடுதலாக. எங்கேயாவது கசிந்தால் உள்ளிருப்பது வெளியே போகட்டும், வெளிக்காற்று உள்ளே வர வேண்டாம் என்ற எண்ணம்.

14.7-உடன் 2 சேர்த்தால் 16.7. ராக்கெட் மேலே ஏறும்போது வெளியழுத்தம் குறையும், ஒரு வால்வு திறந்து உள்ளிருக்கும் ஆக்ஸிஜனைப் படிப்படியாக வெளியே விட்டு 5 பவுண்டில் நிறுத்தும். வரைபடத்தில் பார்த்தால் 16.7 என்பது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இருக்கும் இடைநிலை. சீட்டுக் கணக்கில் அதுதான் அந்த மூன்றாம் ஆள். சாதாரணக் காற்றில் உள்ளதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் ஆக்ஸிஜன், வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஒரு துளி நைட்ரஜனும் இல்லை.

பறக்கும்போது இருக்கும் 5 பவுண்டு நிலைமைக்காக எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தரையில் நிற்கும் சில மணி நேரத்தைப் பற்றி அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. ஆறு மெர்குரிப் பயணங்கள், பத்து ஜெமினிப் பயணங்கள் எல்லாமே தரையில் தூய ஆக்ஸிஜனோடுதான் புறப்பட்டன. எதிலும் தீப்பிடிக்கவில்லை. பதினாறு தடவை ஒன்றும் நடக்கவில்லை என்பது பாதுகாப்புக்கான சான்றாக மாறிவிட்டது. என்னைக் கேட்டால், அங்கே தேறியது அமைப்பு இல்லை, அதிர்ஷ்டம்தான்.

## 1967 ஜனவரி 27

அன்று நடந்தது ஓர் ஒத்திகை. கலத்தையும் ராக்கெட்டையும் தரை மின்சாரத்திலிருந்து துண்டித்து, சொந்த மின்சாரத்தில் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்ப்பது நோக்கம். நிஜப் பயணம் பிப்ரவரி 21-க்குக் குறிக்கப்பட்டிருந்தது. புளோரிடாவில் கேப் கென்னடியின் 34-ஆம் ஏவுதளத்தில், எரிபொருள் இல்லாத சாடர்ன் 1பி ராக்கெட்டின் உச்சியில் கலம் உட்கார்ந்திருந்தது. எரிபொருள் இல்லை என்பதாலேயே இது 'அபாயமற்ற' சோதனை என்று வகைப்படுத்தப்பட்டது. தீயணைப்பு, மருத்துவக் குழுக்கள் அதற்கேற்ற தயார்நிலையில் வைக்கப்படவில்லை.

பிற்பகல் 1 மணிக்கு மூவரும் உள்ளே போனார்கள். தலைவர் கஸ் கிரிஸம், மெர்குரியிலும் ஜெமினியிலும் பறந்தவர். எட் வைட், விண்நடை வீரர். ரோஜர் சாஃபி, இதுதான் அவருக்கு முதல் பயணமாக இருந்திருக்கும். உட்கார்ந்ததும் தன் உடைக்குள் வரும் ஆக்ஸிஜனில் புளித்த மோர் வாடை அடிப்பதாகக் கிரிஸம் சொன்னார். சோதனையை நிறுத்திப் பார்த்தார்கள், காரணம் கிடைக்கவில்லை. (அந்த வாடைக்கும் தீக்கும் சம்பந்தமில்லை என்று பிறகு முடிவு செய்தார்கள்.) கதவை மூடினார்கள், ஆக்ஸிஜனை நிரப்பினார்கள். பிறகு ஒலித்தொடர்பில் கோளாறு. இரண்டு மூன்று கட்டடங்களுக்கு நடுவே பேச முடியவில்லை, நிலவுக்கு எப்படிப் போவது என்று கிரிஸம் சலித்துக்கொண்டது பதிவில் இருக்கிறது.

மாலை 6:31-க்கு உள்ளேயிருந்து "தீ" என்று குரல் வந்தது. சுமார் 15 நொடியில் உள்ளழுத்தம் 29 பவுண்டுக்கு ஏறிக் கலத்தின் சுவர் கிழிந்தது. குரல்கள் அதோடு நின்றன.

கதவைத் திறந்து ஓடியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அந்தக் கலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மூடிகள். மிக உள்ளே இருந்தது உட்புறமாகத் திறப்பது. விண்வெளியில் உள்ளழுத்தமே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது அதன் நல்ல பக்கம். ஆனால் தீயால் வாயு சூடாகி அழுத்தம் ஏறியபோது அதே அழுத்தம் கதவைச் சிறைக்கதவாக்கியது. கதவின் பரப்பு முழுவதையும் கணக்கில் எடுத்தால், சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு வித்தியாசம் இருந்தாலே ஒரு மனிதனால் இழுக்க முடியாது. எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வெளியே இருந்த தொழிலாளர்கள் புகையில் திணறிக்கொண்டே மூன்று மூடிகளையும் அகற்ற ஐந்து நிமிடம் ஆயிற்று. மூவரின் உயிரையும் பறித்தது தீக்காயங்களைவிடப் புகைதான். பொருள்கள் எரியும்போது உண்டான நச்சு வாயுக்களால், முக்கியமாகக் கார்பன் மோனாக்ஸைடால், மூச்சடைத்து இறந்தார்கள் என்பது மருத்துவ முடிவு.

கிரிஸமுக்கும் கதவுக்கும் ஏற்கெனவே ஒரு கதை உண்டு. 1961 ஜூலையில் அவர் மெர்குரிக் கலத்தில் கடலில் இறங்கியபோது, வெடித்துத் திறக்கும் கதவு வேளைக்கு முன்பே திறந்துகொண்டது. கலம் மூழ்கியது, அவர் நீந்தித் தப்பினார். அப்பல்லோவைச் செய்த நார்த் அமெரிக்கன் நிறுவனம் வெளிப்புறமாக வெடித்துத் திறக்கும் கதவை யோசனையாகச் சொன்னபோது, நாசா மறுத்ததற்கு அந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

## தீக்கு என்னவெல்லாம் வேண்டியிருந்தது

நாசாவின் லாங்லி ஆய்வு மையத் தலைவர் ஃபிளாய்ட் தாம்சன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பொறி எங்கே கிளம்பியது என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இடப்பக்கக் கீழ்ப்பகுதியில், மின்கம்பிகள் செல்லும் இடத்தில் ஒரு மின்தீப்பொறியாக இருக்க வேண்டும் என்று கருதினார்கள். ஆனால் பொறியைவிட அது விழுந்த சூழலைத்தான் குழு கடுமையாக விமர்சித்தது. உயர் அழுத்த ஆக்ஸிஜன், கலம் முழுக்க எரியக்கூடிய பொருள்கள், பாதுகாப்பில்லாத மின்கம்பிகள், எரியக்கூடிய குளிர்விப்புத் திரவம் ஓடிய குழாய்கள், தப்ப வழியில்லாத கதவு, மீட்க ஆயத்தமில்லாத தரைக் குழு.

எரியக்கூடிய பொருள் என்றால் என்ன? நைலான் வலை, நுரைமெத்தை, வெல்க்ரோ. எடையற்ற நிலையில் பேனாவும் கையேடும் மிதந்து போகாமல் ஒட்டிவைக்க வெல்க்ரோ ரொம்ப வசதி. அதனால் கண்ட இடமெல்லாம் ஒட்டிவைத்திருந்தார்கள். 16.7 பவுண்டு ஆக்ஸிஜனில் அது சரசரவென்று எரியும்.

எச்சரிக்கைகள் வராமல் இல்லை. 1962-இல் டெக்சாஸில் ஒரு விமானப்படை ஆய்வறையிலும், பிலடெல்பியாவில் ஒரு கடற்படை ஆய்வறையிலும் 5 பவுண்டு தூய ஆக்ஸிஜனிலேயே தீப்பிடித்திருக்கிறது. 5 பவுண்டும் முழுப் பாதுகாப்பு இல்லை என்று அப்போதே தெரியும். 1965 டிசம்பரில் ஜெமினி 6 கலத்தைத் தூக்க வேண்டிய ராக்கெட்டின் எஞ்சின், பற்றிக்கொண்ட உடனே நின்றுபோனது. தலைவர் வாலி ஷிரா அசையாமல் உட்கார்ந்து, இருக்கையோடு வெளியே வீசும் அவசர வளையத்தை இழுக்காமல் விட்டார். இழுத்திருந்தால், ஆக்ஸிஜனில் ஊறிய உடைகளோடு இருக்கை ராக்கெட்டின் நெருப்பில் இருவரும் தீப்பந்தமாகியிருப்பார்கள் என்று உடனிருந்த டாம் ஸ்டாஃபோர்ட் பின்னாளில் சொன்னார்.

1966 ஆகஸ்டில் கிரிஸமும் அவருடைய குழுவினரும் கலத்தில் எரியும் பொருள் அதிகம் என்று அப்பல்லோ கலத் திட்ட மேலாளர் ஜோசப் ஷேயிடம் முறையிட்டார்கள். அகற்றச் சொல்லி அவரும் உத்தரவிட்டார். அந்தக் கூட்டத்தில் மூவரும் ஷேக்கு ஒரு புகைப்படத்தைப் பரிசளித்தார்கள். மாதிரிக் கலத்தின் முன் உட்கார்ந்து, தலை குனிந்து, கைகூப்பிப் பிரார்த்திக்கும் படம். வேடிக்கைக்குத்தான் எடுத்தார்கள்.

## பிறகு எதை மாற்றினார்கள், எதை மாற்றவில்லை

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். விண்வெளியில் 5 பவுண்டு தூய ஆக்ஸிஜன் என்பதை நாசா மாற்றவில்லை. மாற்றியது தரையில் இருக்கும் கலவையை. இனி ஏவுதளத்தில் கலத்துக்குள் 60 சதவீதம் ஆக்ஸிஜன், 40 சதவீதம் நைட்ரஜன். வீரர்களின் உடைக்குள் மட்டும் தூய ஆக்ஸிஜன். மேலே ஏறும்போது கலவை வெளியேறி 5 பவுண்டுக்கு வரும், அப்புறம் நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஆக்ஸிஜன் நிறையும்.

60 என்ற எண்ணைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 பவுண்டில் 60 சதவீதம் 3 பவுண்டு. நாம் மூச்சுவிடும் காற்றில் உள்ள ஆக்ஸிஜனுக்குச் சமம். ஆக, அழுத்தம் இறங்கிய அந்த நிமிடத்திலும் கலத்துக்குள் உயிர்வாழப் போதுமான ஆக்ஸிஜன் இருக்கும். தரையில் தீக்குக் கிடைப்பதோ 16.7-க்குப் பதிலாக, 14.7-இல் 60 சதவீதமான 8.8 பவுண்டு, அதோடு வெப்பத்தை வாங்க நைட்ரஜனும் உண்டு.

கதவு ஒரே துண்டாகி, சில நொடிகளில் வெளிப்புறமாகத் திறந்தது. உடைகளின் வெளிப்புறம் நைலானிலிருந்து டெஃப்ளான் பூசிய கண்ணாடி இழைத் துணிக்கு மாறியது. குழாய்கள், கம்பிகள் எல்லாம் புதிதாக. 20 மாதம் கழித்து 1968 அக்டோபர் 11 அன்று ஷிரா தலைமையில் அப்பல்லோ 7 கிளம்பி 11 நாள் சுற்றியது. அந்த டிசம்பரிலேயே அப்பல்லோ 8 நிலவைச் சுற்றிவிட்டு வந்தது. அதன் தலைவர் ஃபிராங்க் போர்மன், தீ விபத்து விசாரணைக் குழுவில் இருந்த ஒரே விண்வெளி வீரர்.

## அப்பல்லோ 13: அதே வாயு, 900 பவுண்டில்

1970 ஏப்ரல் 13 அன்று பூமியிலிருந்து 3 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் அப்பல்லோ 13-இன் ஆக்ஸிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. இங்கேயும் அதே மூன்று சங்கதிகள்: எரியும் பொருள், பொறி, நெருக்கிய ஆக்ஸிஜன். தொட்டிக்குள் ஆக்ஸிஜன் கடுங்குளிரில் சுமார் 900 பவுண்டு அழுத்தத்தில் இருந்தது. உள்ளே இருந்த வெப்பக் கட்டுப்பாட்டுச் சுவிட்சுகள் 28 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. ஏவுதள மின்சாரமோ 65 வோல்ட். பயணத்துக்கு முன் தொட்டியைக் காலிசெய்ய ஹீட்டரைப் பல மணி நேரம் ஓடவிட்டபோது அந்தச் சுவிட்சுகள் ஒட்டிக்கொண்டன, சூடு எல்லை மீறியது, கம்பிகளின் மேலுறை கருகியது. யாருக்கும் தெரியவில்லை. விண்வெளியில் தொட்டியைக் கலக்கும் விசிறியைப் போட்டதும் பொறி கிளம்பியது.

எரிந்த மேலுறை எது தெரியுமா? டெஃப்ளான். தீப்பிடிக்காது என்று நம்பி வீரர்களின் உடையில் பூசிய அதே பொருள். 5 பவுண்டில் அது எரியாது. 900 பவுண்டில் எரிந்தது. எந்தப் பொருளையும் 'தீப்பிடிக்காதது' என்று சொல்லும்போது, எவ்வளவு ஆக்ஸிஜனில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே திருத்திவிடலாம். அந்த மூவரும் மூச்சுவிட ஆக்ஸிஜன் இல்லாமல் தவித்ததாகச் சொல்வார்கள். அவர்கள் ஒதுங்கிய நிலவிறங்கு கலத்தில் ஆக்ஸிஜன் தாராளமாகவே இருந்தது. தட்டுப்பாடு மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும். அதோடு, வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சும் வடிகட்டிகள் போதவில்லை. ஏப்ரல் 17 அன்று மூவரும் பத்திரமாகக் கடலில் இறங்கினார்கள்.

## நைட்ரஜன் திரும்பி வந்தது

மாதக்கணக்கில் தங்க வேண்டிய அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில், 1973-இல், அழுத்தம் 5 பவுண்டுதான், ஆனால் கால் பங்கு நைட்ரஜன் சேர்த்தார்கள். 1975 ஜூலையில் அப்பல்லோவும் சோவியத்தின் சோயுஸ் கலமும் விண்வெளியில் இணைந்தபோது, இரண்டு நாடுகளும் ஆரம்ப காலத்தில் எடுத்த இரண்டு முடிவுகளும் நேருக்கு நேர் சந்தித்தன. ஒரு பக்கம் 5 பவுண்டு ஆக்ஸிஜன், மறுபக்கம் 14.7 பவுண்டு காற்று. நடுவே கதவைச் சும்மா திறந்துவிட முடியாது. இணைப்புக்கென்றே தனியாக ஒரு காற்றடைப்பு அறையைச் செய்தார்கள், சோயுஸும் தன் அழுத்தத்தைச் சுமார் 10 பவுண்டுக்கு இறக்கிக்கொண்டது. அப்பல்லோ பக்கத் தலைவர், ஜெமினி 6-இல் உட்கார்ந்திருந்த அதே ஸ்டாஃபோர்ட்.

விண்கல ஓடம் (ஸ்பேஸ் ஷட்டில்) வந்தபோது அமெரிக்காவும் சாதாரணக் காற்றுக்கு மாறியது. பழைய நைட்ரஜன் பயமும் வெறும் கற்பனை இல்லை. 1981 மார்ச்சில், கொலம்பியா என்ற ஓடம் முதல்முறை பறப்பதற்குச் சில வாரம் முன்பு, தரைச் சோதனையின்போது தீத்தடுப்புக்காக அதன் பின்பகுதியில் நைட்ரஜன் நிரப்பியிருந்தார்கள். அது தெரியாமல் உள்ளே போன தொழிலாளர்கள் மயங்கி விழுந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் இருவர் இறந்தார்கள்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் இன்றைக்கு 14.7 பவுண்டு, சாதாரணக் காற்று. ஆனால் வெளியே போகும் அமெரிக்க விண்வெளி உடைக்குள் இன்னமும் 4.3 பவுண்டு தூய ஆக்ஸிஜன்தான். உடை விறைக்காமல் இருக்க வேறு வழி இல்லை. அதனால் ஒவ்வொரு விண்நடைக்கும் முன்னால் வீரர்கள் மணிக்கணக்காகத் தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்து உடலிலுள்ள நைட்ரஜனை வெளியேற்றிக்கொண்ட பிறகே கதவைத் திறக்கிறார்கள்.